அடி எடுத்துக் கொடுப்பவள்

கூண்டிலிருந்து பார்த்தால் மனிதர்கள் காலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இருபத்தேழு வருஷமாகக் கிளாஃபீராவுக்கு அப்படித்தான். மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில், தரையை அறுத்துச் செய்த ஒரு குழி. அரங்கத்தின் பக்கம் அதை மறைத்துக் கவிழ்த்த ஒரு மரமூடி. உள்ளே ஒரு முக்காலி, ஒரு சின்ன விளக்கு, பலகைமேல் விரித்த நாடகப் பிரதி. பார்க்க வந்தவர்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கும் அவர்களைத் தெரியாது. நடிப்பவர்களுக்கு மட்டும் அவள் முகம் தெரியும். வசனம் தப்பி நிற்கிறவரின் கண் தானாகக் கீழே இறங்கும். அவள் உதடு அசையும். அடுத்த வரியின் முதல் இரண்டு சொல், குரலில்லாமல், வெறும் மூச்சாக மேலே போகும். அவர் அதை வாங்கிக்கொண்டு நடப்பார். சரியா தப்பா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. இருட்டில் தன் வீட்டுக்குள் நடக்கிறவர் சுவரைத் தொட்டுக்கொண்டே போவதுபோலத்தான். அந்தச் சுவர் இன்றைக்குக் கொஞ்சம் நகர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று கிளாஃபீரா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். மேடையின் இடப்பக்கத்திலிருந்து மரப்பட்டை பின்னிய செருப்பு ஒரு ஜோடி வந்து நின்றது. வலது குதிகாலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை. புரோஹர் இக்னாத்யிச். அறுபத்தொரு வயது, ஓகா ஆற்றங்கரையிலுள்ள இந்தச் சின்ன நகரத்தின் மூத்த நடிகர். இந்த நாடகத்தில் யெர்மிலா என்ற கிழட்டு அடிமை நடிகன். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவள் கணவன் ஸவேலியை ரகசியப் போலீஸிடம் காட்டிக்கொடுத்தவரும் இவர்தான். பார்த்த சாட்சி கிடையாது. ஆனால் வேறு யாராக இருக்க முடியும்? அந்தப் பேச்சு நடந்தபோது அங்கே மூன்றே பேர். ஒருவன் ஸவேலி, அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருத்தி அவள். மூன்றில் இரண்டைக் கழிக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்று நாடகம் பார்க்க வந்திருப்பவர்கள் ஐந்தே பேர். மாகாணத் தலைநகரிலிருந்து வந்த ஆணையம். புதிய நாடகம் எதுவும் ஜனங்களுக்கு முன்னால் ஏறுவதற்கு முந்தி இவர்களுக்கு முன்னால் ஏற வேண்டும். பகல் வேளையில், காலி அரங்கில், நான்காம் வரிசையில் பச்சைமூடி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்பார்கள். முத்திரை போட்ட பிரதியில் இருப்பதெல்லாம் வர வேண்டும், இல்லாதது ஒன்றும் வரக் கூடாது. அந்தப் பிரதி இந்தக் கட்டிடத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கிளாஃபீராவின் பலகைமேல் இருந்தது. காலையில் ஆணையத் தலைவர் தோழர் ஷூபின் மேடையில் மண்டியிட்டுக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்து ஒரு சிவப்புப் பென்சிலை நீட்டினார். “பிரதியில் இல்லாத வார்த்தை வந்தால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள், கிளாஃபீரா திமஃபேயெவ்னா. கோடு போதும். விளக்கத்தை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.” பல் பிடுங்குகிறவரின் அன்பான குரல் அவருக்கு. அப்போதே அவள் கண் நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் அங்கம். சவுக்கடிக்கு அழைத்துப்போகும் முன் நீலக்கல் என்ற இளம் அடிமை நடிகை அழுகிறாள், கிழவன் யெர்மிலா தேற்றுகிறான். நாடகக்காரர் முதலில் எழுதிய வரி: ‘எழுதட்டும், எஜமான் எழுதட்டும். அவர் நம்மைப் பார்க்கிறார் என்று நினைக்கிறார். நாம்தான் நூறு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.’ பிப்ரவரியில் அதை வெட்டினார்கள். செப்டம்பரில் வேறொரு அதிகாரி வந்து, பழைய காலத்துப் பிரபுவைப் பற்றித்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று திரும்பச் சேர்த்தார். போன வாரம் பார்த்தால் அந்த அதிகாரியும் இல்லை, வரியும் இல்லை. மையால் ஒரே கோடு. கோட்டுக்கு அடியில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்திலேயே புது வரி: ‘பொறு மகளே. ஒருநாள் இந்த மேடை நம்முடையதாகும்.’ வெட்டி, சேர்த்து, வெட்டியதில் புரோஹரின் வாயில் இரண்டும் ஊறிப்போய்விட்டன. போன வியாழக்கிழமை ஒத்திகையில் சரியாக அந்த இடத்தில் அவர் நின்றார். கண் கீழே இறங்கியது. இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் சரியான வரியைக் கொடுத்தாள், அவர் போய்விட்டார். ஆனால் அந்தக் கணத்தில் கிளாஃபீராவுக்குள் ஏதோ ஒன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஆணையத்தின் முன்னால் இவர் இதே இடத்தில் நின்றால்? வெட்டுப்பட்ட வரியின் முதல் சொல்லை நீ எடுத்துக் கொடுத்தால்? வாங்கிக்கொள்வார். முழு வரியையும் தொண்டை திறந்து சொல்வார், நான்காம் வரிசையில் எழுதிக்கொண்டிருப்பவர்களின் முகத்துக்கு நேராக. அப்புறம் ஒரு கோடு. விளக்கத்தை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

முதல் அங்கம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தவறவில்லை. பயம் இருந்தால் எல்லோருக்கும் ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது. கிளாஃபீரா வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள், விரலுக்கு வேலை தெரியும், கண் சும்மா இருந்தது, சும்மா இருந்த கண் பின்திரைக்குப் போயிற்று. போகக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் அதற்கு. பிரபுவின் வெள்ளை மண்டபம், ஆறு தூண், மூன்று ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை நிறத்தில் இலையுதிர்காலத்து மரங்கள். ஸவேலி வரைந்தது. விளம்பரத் தாளிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். காட்சியமைப்பு: நாடகக் குழு என்று இருக்கிறது. நல்ல கித்தான் கிடைக்காத காலம், அதனால் ஆளை எடுத்தவர்கள் திரையை எடுக்கவில்லை. அவள் வேலை திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. போன வருஷம் அக்டோபரில் அவன் இதை வரைந்துகொண்டிருந்தான். அரங்கத்தின் கூரைக்கடியில் நீளமான அறை, தரை முழுக்க விரித்த துணி, காலுறையோடு அதன்மேல் நடந்துகொண்டே துடைப்பம்போல நீளக் காம்பு வைத்த தூரிகையால் தீட்டுவான். பசை காய்ச்சுவதற்காக அங்கே எப்போதும் அடுப்பு எரியும், அதனால் குளிருக்குப் புரோஹர் ஏறி வருவார், கிளாஃபீரா தேநீர் கொண்டுபோவாள். எலும்புப் பசையின் வாடை, ஈரநாய் வாடைபோல. அதுகூட இப்போது மூக்கில் வருகிறது, அந்த அறையைப் பூட்டி ஒரு வருஷமாகிறது. புரோஹர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிரபுவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கட்டிடத்தைக் கட்டியவரே அவர்தான். முந்நூறு அடிமைகளில் முப்பது பேரைப் பொறுக்கி நடிகர்களாக்கினார். முதல் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார். யார் எந்த வரியில் தடுக்கினார் என்று எழுதுவார். அவருக்குப் பின்னால் சுவரில் சவுக்குகள் தொங்கும். அங்கம் முடிந்ததும் எழுந்து உள்ளே போவார். விருந்தாளிகள் பனிக்கூழ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து கத்தல் கேட்கும். அப்புறம் மணி அடித்து அடுத்த அங்கம். ஸவேலி தலையைத் தூக்கவேயில்லை. மரத்துக்கு மஞ்சள் போட்டுக்கொண்டே சொன்னான்: “இந்த நாட்டுல நாடகத்துக்கு என்னைக்கும் ஒரே ரசிகன்தான், புரோஹர். கோட்டு மட்டும் மாத்திக்கிட்டு வர்றான்.” புரோஹர் சிரித்தார். பெரிய சிரிப்பு, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சிரித்துப் பழகியவர். பாதியில் நிறுத்திவிட்டார். பதினொரு நாள் கழித்து ஸவேலியைக் கொண்டுபோனார்கள்.

ஏன் நிறுத்தினார்? இதுதான் அவளால் தாண்ட முடியாத இடம். தையல் பிரிந்த ரவிக்கையில் நூல் மாட்டிக்கொள்வது மாதிரி, எங்கே போனாலும் அங்கே வந்து இழுக்கும். சிரிப்பு தானாக அடங்கும். இழைந்து, தேய்ந்து, ஒரு பெருமூச்சில் முடியும். பாதியில் நிற்பதென்றால் யாரோ நிறுத்த வேண்டும். அவருக்குள் யார் நிறுத்தியது? பயந்தவன் நிறுத்துவான். மனசில் குறித்துக்கொள்கிறவனும் நிறுத்துவான், சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்ய முடியாது. நடிகர் அல்லவா, ஒரு தடவை கேட்டால் வரி அப்படியே பதிந்துவிடும். ‘கோட்டு மட்டும் மாத்திக்கிட்டு’ என்பதை ஸவேலியின் குரலிலேயே யாருக்கு முன்னாலோ நடித்துக் காட்டியிருப்பார். மேடையில் மரப்பட்டைச் செருப்பு இரண்டடி முன்னால் வந்தது. ‘எஜமான் வருகிறார், விளக்கைத் தூண்டுங்கள்’ என்றார் யெர்மிலா. பிரதியில் இருந்தபடியே. மனசுக்குள் அவரை ‘அவன்’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள், பலமுறை. வரவில்லை. இருபது வருஷம் தன் கணவனோடு ஒரே தட்டில் உப்புக்கெண்டை சாப்பிட்டவரை, அவளுடைய காய்ச்சலின்போது மூன்று நாள் விறகு பிளந்து போட்டவரை, நினைப்பில்கூட அவளால் மரியாதை குறைக்க முடியவில்லை. அதுவும் அவர்மேல் ஒரு கோபமாகச் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். திரை தூக்கும் முன் புரோஹர் முன்னால் வந்து ரஷ்ய நாடகத்தின் கதையை அரைமணி நேரம் சொல்வார். கிளாஃபீரா அதைக் கூண்டுக்குள்ளிருந்து நூறு தடவையாவது கேட்டிருக்கிறாள். எங்கே மூச்சு வாங்குவார் என்றுகூடத் தெரியும். முதலில் கரடியோடு ஊர் ஊராகப் போன கூத்தாடிகள். அப்புறம் ஜார் மன்னனுக்கு அது பாவம் என்று தோன்றியது, வீடு வீடாகச் சோதனை போட்டு யாழும் தம்பட்டமும் குழலும் ஐந்து வண்டி நிறைய ஏற்றி ஆற்றங்கரையில் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அதே ஜாருக்கு நாடகம் பார்க்க ஆசை வந்தது. ஜெர்மன்காரப் பாதிரியாரைக் கூப்பிட்டு ஒன்று போடச் சொன்னார். பத்து மணி நேரம் நடந்ததாம், ஜார் எழுந்திருக்கவே இல்லை, அரசி மட்டும் மரக்கிராதிக்குப் பின்னாலிருந்து பார்த்தாளாம், ஒரு பெண் நாடகம் பார்க்கிறாள் என்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. இங்கே பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் பிரபுக்களின் அடிமை நாடகங்கள். அழகான நடிகைகளுக்குச் சொந்தப் பெயரை எடுத்துவிட்டு முத்து, நீலக்கல், மாணிக்கம் என்று பெயர் வைத்தார்கள். சீட்டாட்டத்தில் ஒரு நாய்க்கு ஒரு நடிகை என்று மாற்றிக்கொண்டார்கள். இங்கே சிரிக்கமாட்டார்கள். முன்பெல்லாம் கிளாஃபீராவுக்கு இது பிடிக்கும். இந்த வருஷம் வேறொன்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. வீடு வீடாகச் சோதனை போட்டார்கள் சரி, எந்த வீட்டில் தம்பட்டம் ஒளித்திருக்கிறது என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரன் சொல்லியிருப்பான், அந்தத் தம்பட்டத்துக்கே ஆடியவன். திரைக்குப் பின்னால் நீலக்கல் பிரபுவைத் திட்டினாள் என்று பிரபுவுக்கு யார் சொன்னது? கூட நடித்த முத்து. புரோஹரின் கதையில் கொளுத்தியவன் பெயர் வருகிறது, அடித்தவன் பெயர் வருகிறது, சொன்னவன் பெயர் மட்டும் எங்கேயும் வருவதில்லை. ஒருவேளை சொன்னவர்களே கதை சொல்கிறார்களோ என்னவோ. முன்பு கடைசியில், ‘நம்முடைய காட்சிகளை வரைபவர் தோழர் ஸவேலி’ என்று முடிப்பார். ஸவேலியைக் கொண்டுபோனதிலிருந்து அந்த வரி இல்லை. ஒத்திகை பார்க்காமலே, தடுக்காமலே, அதை விட்டுவிட்டுத் தாண்டினார்.

பின்னால் பேனா கீறியது. கிளாஃபீரா முதுகால் கேட்டாள். நான்காம் வரிசை அவளுக்கு எப்போதும் முதுகுப்பக்கம். ஷூபினின் இருமல் வறட்டு இருமல், அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண், அவள் நாற்காலி கிரீச்சிடும், கடைசியில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறார்கள். இப்போது ஏன் கீறியது? மேடையில் யாரும் ஒன்றும் பேசவில்லையே, நீலக்கல் வெறுமனே நடந்து ஜன்னல் பக்கம் போனாள். அவள் நடந்ததை எழுதுகிறார்களா, ஜன்னலை எழுதுகிறார்களா, ஜன்னலை வரைந்தவனை எழுதுகிறார்களா? அல்லது கூண்டை எழுதுகிறார்களா? பென்சிலை அவளிடம் ஏன் கொடுத்தார்கள்? உதவிக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து பிரதியைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். கணவனைக் கொண்டுபோன பெண்ணின் கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டு, அவள் கோடு போடுகிறாளா, யாருக்குப் போடுகிறாள், யாருக்குப் போடாமல் விடுகிறாள் என்று பார்க்கிறார்கள். அப்படியானால் இன்றைக்குப் பரீட்சை புரோஹருக்கு மட்டும் இல்லை. கால்விரல்கள் உணர்வற்றுப் போயிருந்தன. மேடைக்கடியிலிருந்து வரும் குளிர், கம்பளிக் காலணி போட்டும் எலும்பைத் தேடிப்போகிறது. மறுபடியும் புரோஹரை எடுத்துக்கொண்டாள்; அவரை நினைத்தால் மற்ற பயங்கள் ஒதுங்கி வழிவிடும். வசந்தத்தில் அவருக்கு ‘மதிப்புறு கலைஞர்’ பட்டம். முப்பது வருஷம் வராதது, ஸவேலி போன ஆறாம் மாதம் வந்தது. வராந்தாவில் எதிர்ப்பட்டால், ‘வணக்கம் கிளாஃபீரா திமஃபேயெவ்னா, உடம்பு எப்படி’ என்று முழுப்பெயரையும் சொல்லிக் குனிகிறார், முன்பு செல்லமாகக் கிளாஷா. கூண்டைப் பார்ப்பதில்லை, மறதிக்காரர் என்று பெயரெடுத்தவர், இந்த ஒரு வருஷத்தில் ஒரு வரிகூட அவளிடம் வாங்காமலிருக்க இராப்பகல் மனப்பாடம் செய்கிறாராம், அவர் மனைவியே சொன்னாள். குற்றமுள்ளவர் என்ன செய்வார்? முகம் பார்க்கமாட்டார். இன்று காலையில் ஒப்பனை அறை வாசலில் அவர் கையிலிருந்து வசனத் தாள்கள் நழுவி விழுந்தன. விழுந்த தாளை நடிகன் சும்மா எடுக்கக் கூடாது; அதன்மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்சி விழும். சேற்றில் விழுந்தபோதுகூட உட்கார்ந்து எடுத்தவர் அவர், எல்லோரும் கேலி செய்வார்கள். இன்றைக்கு, ஷூபின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், புரோஹர் சட்டென்று குனிந்து பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். யாருக்கு முன்னால் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

இரண்டாம் அங்கம் தொடங்கியது. முப்பத்தைந்து, முப்பத்தாறு. பக்கத்தைப் புரட்டும்போது சத்தம் வராமலிருக்க விரலை ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும், வாய் உலர்ந்து கிடந்தது. சொல்லிவிடப் போகிறாயா, கிளாஷா? தெரியாது. அவர் நின்றால்தானே. நிற்காமல் போய்விட்டால் நல்லது. நல்லதா? நின்றால்தான் நல்லது. சிறையிலிருக்கும் ஸவேலிக்கு மாதம் ஒரு பொட்டலம் அனுப்பலாம். போன மாதம் அனுப்பியது திரும்பி வந்துவிட்டது, காரணம் எழுதவில்லை, கட்டின கயிறு அவிழ்க்கப்படாமலே இருந்தது. முப்பத்தொன்பது. நீலக்கல் அழத் தொடங்கினாள். நல்ல நடிகை, அழும்போது குதிகால் நடுங்குகிறது, முகத்தால் அழுகிறவர்களை நம்பக் கூடாது, பாதத்தால் அழுகிறவர்களை நம்பலாம். நாற்பது. மரப்பட்டைச் செருப்பு கூண்டுக்கு இரண்டு முழத்தில் வந்து நின்றது. இடது கை நீலக்கல்லின் தலைமேல் போயிருக்கும், அவள் கால் மடிந்து உட்கார்ந்தது. இங்கே புரோஹர் ஒரு மூச்சு வாங்குவார், மூச்சிறக்கத்தில் வரி வரும். மூச்சு வாங்கினார். இறக்கினார். வரி வரவில்லை. இன்னொரு மூச்சு. அது நடிப்பின் மௌனம் இல்லை. நடிப்பின் மௌனத்தில் பாதம் தரையை அழுத்தியிருக்கும். இது தரைக்கு மேலே நிற்கும் பாதம். கிளாஃபீரா நிமிர்ந்தாள். அவர் கண் இறங்கி வந்து அவள் முகத்தில் நின்றது. இத்தனை நாள் அவள் எதிர்பார்த்திருந்த கண் இது: குற்றமுள்ள கண், தப்பப் பார்க்கும் கண், அல்லது திமிர். அங்கே இருந்தது எதுவும் அவளுக்குத் தெரிந்ததாக இல்லை. இரண்டு வரியும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, எது உயிரோடிருப்பது எது வெட்டியது என்பதுதான் ஞாபகம் இல்லை. அது மட்டும் புரிந்தது. ‘எழுதட்டும்.’ ஒரு சொல். நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. ஸவேலியின் பெயரை இவருடைய வாய்தான் விட்டுவிட்டுத் தாண்டியது. அவளுடைய உதடு திறந்தது, மூச்சு போயிற்று. “பொறு மகளே.” அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கை தவறி விழும் குழந்தையை யாருடைய குழந்தை என்று கேட்காமல் பிடிப்பதுபோல வாய் தன் வேலையைச் செய்துவிட்டது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “பொறு மகளே,” என்றாள் மறுபடியும், உதட்டை நன்றாகக் குவித்து. அவர் கேட்டுவிட்டார், கண்ணிமை அசைந்தது. கேட்டுவிட்டு அவளையே பார்த்தார். விரோதி வீட்டில் கையில் திணித்த தேநீரைப் பார்க்கிறவர் மாதிரி. அவர் பயந்தது நான்காம் வரிசைக்கு இல்லை. அவளுக்கு. ஏன் எனக்கு, என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அவர் கண்ணை எடுத்தார், தலையை நிமிர்த்தினார், அந்தப் பெரிய குரல் காலி அரங்கம் முழுக்கப் போயிற்று: “எழுதட்டும், எஜமான் எழுதட்டும். அவர் நம்மைப் பார்க்கிறார் என்று நினைக்கிறார். நாம்தான் நூறு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.”

பேனா நின்றது. மிட்டாய்த் தாளும் நின்றது. பிறகு ஷூபினின் குரல், அதே அன்போடு: “நிறுத்துங்கள். ஒரு நிமிஷம். தோழர் நடிகரே, அந்த இடத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?”

புரோஹரின் செருப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. பக்கவாட்டிலிருந்து இயக்குநர் ஆர்செனி பாவ்லிச்சின் பளபளப்பான காலணி ஓடி வந்து பாதியில் யோசித்து நின்றுவிட்டது. தான் சொன்னது எந்த வரி என்று இப்போதுதான் புரோஹருக்குத் தெரிகிறது. அவள் உண்மையைக் கொடுத்தாள், அவள் பொய் கொடுப்பாள் என்று நம்பி அவர் எதிர்ப்பக்கம் பாய்ந்தார். ஆக, இவர் என்னைச் சந்தேகப்படுகிறார். எதற்காக? பழிவாங்குவேன் என்றா? பழிவாங்க எனக்குக் காரணம் இருக்கிறது என்று இவருக்குத் தெரிந்தால் இவர் குற்றவாளி. அல்லது. இன்னொரு ‘அல்லது’ அவளுக்குப் பின்னாலிருந்து குளிராக ஏறியது. அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். இவருக்கும் அது தெரியும். தான் சொல்லவில்லை என்று இவருக்குத் தெரிந்திருந்தால், மூன்றில் இரண்டைக் கழிக்க இவருக்கும் தெரியுமே.

“பிரதியில் என்ன இருக்கிறது, கிளாஃபீரா திமஃபேயெவ்னா?” என்றார் ஷூபின்.

“பிரதியில் இல்லை,” என்றாள். கூண்டிலிருந்து அவளுடைய முழுக்குரல் அரங்கத்துக்குள் போவது இதுவே முதல் தடவை. மரமூடியில் பட்டு ஆண்குரல்போலத் தடித்துக் கேட்டது. “அது என் தவறு, தோழர் ஷூபின். வெட்டின வரி இன்னும் கண்ணுக்குத் தெரியுது. அவசரத்துல அதைப் பார்த்து எடுத்துக் கொடுத்துட்டேன். அவர் நான் கொடுத்ததைத்தான் சொன்னார்.”

“எத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு?”

“இருபத்தேழு.”

“இருபத்தேழு வருஷத்தில் இதுதான் முதல் தவறா?”

“மாட்டிக்கிட்ட முதல் தவறு.”

மிட்டாய்த் தாள்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கவில்லை. மெல்ல இழைந்து அடங்கியது. ஷூபின் இருமினார். “கோட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில். முடிந்ததும் அலுவலக அறைக்கு வாருங்கள், எழுதித் தர வேண்டியிருக்கும். ஆர்செனி பாவ்லிச், அந்த வரியைத் தாளோடு கிழித்துப் புது வரியைத் தட்டெழுதி ஒட்டச் சொல்லுங்கள், இது குழந்தைத்தனம். பத்து நிமிஷம் இடைவேளை.”

நாற்காலிகள் மடங்கின. கால்கள் கலைந்தன, பளபளத்தவை, வெறுங்கால், குதிகால் நடுங்கிய கால். மரப்பட்டைச் செருப்பு மட்டும் போகவில்லை. கூண்டுக்கு முன்னால் வந்தது, முழங்கால் இறங்கியது, செருப்பு வாரைக் கட்டுகிறவர்போலப் புரோஹர் குனிந்தார். ஒப்பனைத் தாடிக்குள்ளிருந்து அரைமூச்சில் பேசினார், இருவருக்கும் பழகிப்போன மொழி அதுதான்.

“நீங்க சரியாத்தானே கொடுத்தீங்க.”

“ரெண்டு தரம் கொடுத்தேன்.”

“கேட்டுது. கேட்டதனாலதான்...” வாரை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். “என்னைக் கவுக்கப் பார்க்கிறீங்கன்னு நினைச்சேன். வெட்டினதைத்தான் கொடுக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

“நான் ஏன் உங்களைக் கவுக்கணும், புரோஹர் இக்னாத்யிச்?”

“ஸவேலியைக் காட்டிக்கொடுத்தவங்க என்னை விடுவாங்களா?”

சொன்ன பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளாஃபீராவுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை; காது கேட்டதை மனசு எடுத்துக்கொள்ள நேரமாயிற்று.

“நானா?”

“அவரைக் கொண்டுபோன பிறகும் உங்களை வேலையில வச்சிருந்தாங்களே. வேற யாரை அப்படி வச்சிருந்தாங்க? நாடகசாலைக் காவல்காரனைக் கொண்டுபோனப்போ அவன் பெண்டாட்டியையே மறுநாள் துரத்தினாங்க.”

“கூண்டுக்கு வேற ஆள் கிடைக்கலே. உங்களுக்குப் பட்டம் கொடுத்தாங்களே.”

“மாஸ்கோவுல பட்டம் வாங்கின ஒரு கிழவன் செத்துப்போனான், கிளாஷா. அந்த இடத்துக்கு வரிசையில அடுத்த ஆள் நான்.” அவர் முகத்தில் ஒட்டிய தாடி ஒரு பக்கம் எழும்பியிருந்தது. “அப்போ நீங்க சொல்லலே.”

“நீங்க சொல்லலே.”

“என் பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லலே. அன்னிக்குச் சிரிச்சேனே, பாதியில நிறுத்திட்டேன். ஏணிப்படியில யாராவது நிக்கிறாங்களான்னு காதைக் கொடுத்துப் பார்த்தேன். யாருமில்லே. நாலு படி இறங்கிப் பார்த்தேன், சத்தியமா யாருமில்லே.” கிழவர் கண் ஓரத்தில் மை கரைந்து வழிந்தது. “அப்புறம் எப்படிப் போச்சு? காத்துல போச்சா? நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“நான் யார்கிட்டயும்,” என்று தொடங்கினாள் கிளாஃபீரா.

அந்த வரி அவள் பதினான்கு மாதமாகத் தனக்குள்ளே சொல்லி வந்த வரிதான். தட்டுத் தடங்கலில்லாமல் வர வேண்டியது. அதற்குப் பதில் ஞாபகத்தில் வந்தது தையலறை. அந்தப் பேச்சுக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ. மண்டபக் காட்சிக்கு உடை தைத்துக்கொண்டு நீள மேஜையைச் சுற்றி ஆறு பெண்கள், ஜன்னலில் மழை, நீலக் கண்ணாடிமணிகள் ஒரு சாசரில். குளிர் காய உள்ளே போனாள். யாரோ, அந்த வாரம் வந்து போன அதிகாரியைப் பற்றி, அவர் தொப்பியைக் கழற்றாமல் முதல் வரிசையில் உட்கார்ந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னாள். மூச்சாக இல்லை. முழுக்குரலில், கதவு திறந்திருக்க: “என் ஸவேலி இதுக்கு என்ன சொன்னான் தெரியுமா?” அவன் பெயரைச் சொன்னாள், பெயரில்லாமல் சொன்னால் யாருடைய சாமர்த்தியம் என்று எப்படித் தெரியும். வரியையும் சொன்னாள், அவன் தலையைத் தூக்காமல் சொன்னது மாதிரியே, தூரிகையைப் பிடிப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு. ஆறு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி, வாய்விட்டுச் சிரிப்பதற்காக, உதட்டில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். இன்னொரு தடவை சொல்லு என்றார்கள். இன்னொரு தடவை சொன்னாள். அவ்வளவு பெருமையாக இருந்தது அவளுக்கு அவனை நினைத்து. தாழ்வாரத்தில் திரும்பி நடக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டே போனாள்.

மேடைக்குப் பின்னால் முதல் மணி அடித்தது. புரோஹர் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே, அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு, மிச்சத்துக்காகக் காத்திருந்தார்.